நூறு மீட்டரில் பின்தங்கி, மாரத்தானில் முந்தும் சக்கரம்

சக்கர நாற்காலி ஓட்டத்தின் இயக்கவியலில் முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும் ஓர் உண்மை உண்டு. 2009இல் உசேன் போல்ட் 9.58 விநாடியில் ஓடிய 100 மீட்டரை, 2012 இலண்டன் பாராலிம்பிக்கில் பின்லாந்தின் லியோ-பெக்கா தாஹ்தி சக்கர நாற்காலியில் 13.63 விநாடியில் கடந்தபோது அது உலகச் சாதனையாயிற்று. மாரத்தானிலோ நிலைமை தலைகீழ்: கென்யாவின் கெல்வின் கிப்டும் 2023இல் 2 மணி 35 விநாடியில் ஓடிய தூரத்தை, சுவிட்சர்லாந்தின் மார்செல் ஹூக் 2021இலேயே 1 மணி 17 நிமிடம் 47 விநாடியில் முடித்திருந்தார்.

ஓடுபவர் ஒவ்வோர் அடியிலும் தம் உடலைத் தாங்கி, உயர்த்தி, மீண்டும் தரையில் இறக்குவதால் ஆற்றலின் ஒரு பகுதியை இழந்துகொண்டே செல்கிறார். உருளும் சக்கரத்துக்கு அந்த இழப்பு இல்லை. ஆனால், அசைவற்று நிற்கும் உடலையும் நாற்காலியையும் கைகளின் வலிமையால் மட்டுமே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டியிருப்பதால், புறப்பாடே குறுந்தூரப் பந்தயத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. பின்சக்கரத்தோடு பொருத்தப்பட்டு, கையால் தள்ளப்படும் வளையம் பந்தய நாற்காலியில் சாதாரண நாற்காலியில் இருப்பதைவிடச் சிறியது. அதனால் ஒரு தள்ளலுக்குக் கிடைக்கும் தூரம் கூடுகிறது, தொடக்கத்தில் தேவைப்படும் விசையும் கூடுகிறது. மூட்டை ஏற்றிய சைக்கிளை நின்ற இடத்திலிருந்து நகர்த்துவோர் அறிந்த சிரமம்தான் இது. இயந்திரப் பல்சக்கரங்களை விதிகள் அனுமதிக்காததால், புறப்படும்போது ஒன்று, வேகமெடுத்தபின் வேறொன்று என மாற்றிக்கொள்ள வழியில்லை. வேகம் கூடியபின் வளையத்தைப் பற்றித் தள்ள நேரமிருப்பதில்லை. தடித்த கையுறையால் அதை அடித்து உந்துவதே முறை.

கைகள் மட்டும் போதா. உடற்பகுதியை முன்னே சாய்க்க முடிந்தவர் அந்தச் சாய்வையும் விசையாக்குகிறார். வயிறு, முதுகுத் தசைகளின் கட்டுப்பாடு பெரிதும் குன்றியோர் டி53 பிரிவிலும், அவை ஓரளவோ முழுமையாகவோ இயங்குவோர் டி54 பிரிவிலும் தனித்தனியே போட்டியிடுவதற்கு இதுவே அடிப்படை. ‘டி’ என்பது தடகளத்தின் ஓட்டப் பிரிவைக் குறிக்கும்.

இந்தியாவில் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் 1958இல் பிறந்த கர்நாடகத்தின் மாலதி ஹொல்லா. அவரைத் தாக்கிய போலியோ வைரஸ் தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்புச் செல்களை அழிக்கிறது. தொடுவுணர்வு பெரும்பாலும் எஞ்சுகிறது. குழந்தைப் பருவத்தில் காய்ச்சலோடு உடல் முழுதும் செயலிழந்த மாலதிக்கு, ஈராண்டுகளுக்கு மேல் நீடித்த மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்குப்பின் மேலுடலில் வலிமை திரும்பியது. இடுப்புக்குக் கீழே திரும்பவில்லை. சென்னையிலுள்ள எலும்பியல் சிகிச்சை மையமொன்றில் பதினைந்து ஆண்டுகள் தங்கி, அறுவைச் சிகிச்சைகள் பலவற்றினிடையே அவர் படித்தார், விளையாட்டும் பழகினார். சியோல், பார்சிலோனா பாராலிம்பிக்குகளில் பங்கேற்ற அவருக்கு அர்ஜுனா விருதும் 2001இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன.

1989இல் டென்மார்க்கில் நடந்த உலக முதுநிலையர் போட்டியில் அவர் வென்ற தங்கங்கள், 200 மீட்டர் ஓட்டம், குண்டு, வட்டு, ஈட்டி ஆகிய நான்கு. நான்கில் மூன்று எறிதல் என்பது கவனத்துக்குரியது. சக்கர நாற்காலி வீரர்களை இந்தியச் சூழல் எத்திசையில் நகர்த்துகிறது என்பதற்கு அது தக்க சான்று. 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்று, 2020இல் தயான்சந்த் விருது பெற்ற மதுரையின் ரஞ்சித்குமாரும் அமர்ந்து வட்டெறிபவரே.

எறிதலை நோக்கிய இந்த நகர்வுக்குத் திறமைக் குறைவில் காரணம் தேடுவது வீண். அமர்ந்து எறிவதற்கு வேண்டியது தரையோடு இறுகக் கட்டிய உறுதியான இருக்கை. அதை உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துவிடலாம், பயிற்சியில் பலர் மாறி மாறி அமரலாம். பந்தய நாற்காலியோ ஒருவரின் இடுப்பு, தொடை அளவுகளுக்கேற்பச் செய்யப்படுவதால் இன்னொருவருக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அதற்குரிய தளமும் எளிதில் வாய்ப்பதில்லை: மென்மண்ணில் சக்கரம் சற்றே அமிழ்ந்து உருளும்போது, தரையின் எதிர்ப்பு தள்ளலின் பயனைக் குறைத்துவிடுகிறது. உசிலம்பட்டிப் பக்கத்துச் செம்மண் திடலில் ஓட்டப்பந்தயத்துக்கு ஒருவர் வெறுங்காலோடும் பழகலாம். சக்கரத்தில் பழக விரும்புபவர் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தின் செயற்கை ஓடுதளம் வரை செல்ல வேண்டும், அதுவும் தம் அளவுக்கு அமைந்த நாற்காலியோடு.