மங்கிய வினைல் யன்னற் கதவுகளும் அவற்றின் புதுப்பிப்பும்

வட அமெரிக்கப் புறநகர் வீடுகளில் யன்னலின் இருமருங்கும் காணப்படும் வினைல் கதவுகள் பெரும்பாலும் திறக்கவோ மூடவோ ஆனவையல்ல. முன்னர் வெயிலையும் புயலையும் தடுத்த மரக் கதவுகளின் வடிவத்தை மட்டும் தாங்கி, அவை சுவரிலே பிணைக்கப்பட்டுள்ளன. பயன் நீங்கி அழகு மட்டும் எஞ்சிய இப்பொருள், நிறம் மங்கியதும் குப்பையெனக் கருதப்படுகின்றது. இக்கருத்துப் பொருத்தமானதா என்பதையே நாம் இங்கு நோக்குகின்றோம்.

இக்கதவுகளில் நிறப்பொருள் பிளாஸ்திக்கினுள்ளேயே கலந்துள்ளது. ஞாயிற்றொளியின் கழியூதாக் கதிர்கள் பொலிவைனைல் குளோரைட்டின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைச் சிதைக்கின்றன. ஐதரசன் குளோரைட்டு வெளியேறுகின்றது. மேற்படை அரிக்கப்பட, தைத்தானியமீரொட்சைட்டு போன்ற நிறத்துகள்கள் வெண்பொடியாக வெளிப்படுகின்றன. விரலால் தடவின் அப்பொடி ஒட்டும். எனவே மங்கல் பெரும்பாலும் மேற்பரப்பிற்கே உரியது. நொறுங்கும் நிலையை அடையாத கதவு புதுப்பிக்கத்தக்கது.

முதலிற் கதவுகளைக் கழற்றிச் சவர்க்கார நீரால் வெண்பொடி முற்றாக நீங்கும்வரை கழுவி உலர்த்தல் வேண்டும். பொடியின்மீது பூசிய வர்ணம் பொடியுடனேயே உதிரும். பின்னர் அக்கிரிலிக் நீர்வர்ணத்தை மெல்லிய இரு படைகளாகப் பூசலாம். வெயில் நேரே படும் வேளையிற் பூசலாகாது. பழைய நிறத்திலும் கடுமையான நிறம் தவிர்க்கத்தக்கது; அது கூடுதல் வெப்பத்தை உறிஞ்சும். இப்பிளாஸ்திக் சுமார் 80 பாகை செல்சியசில் இளகுவதால் கதவு வளைந்துவிடும். கடுநிறமே வேண்டுவோர் செந்நிறக்கீழ்க் கதிர்களைத் தெறிக்கச் செய்யும், வினைலுக்கெனவே ஆக்கப்பட்ட வர்ணங்களை நாடலாம்.

இது சிக்கனம் பற்றிய வினா மட்டுமன்று. 1974 ஜனவரியில், கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகரில் வினைல் குளோரைட்டைப் பயன்படுத்திய ஆலையொன்றின் தொழிலாளர் சிலர் அரிதான ஈரற் புற்றுநோயால் இறந்தமை வெளிப்பட்டது. அதுவரை தொழிற்கூடக் காற்றிற் பத்து இலட்சத்தில் 500 பங்குவரை அனுமதிக்கப்பட்டிருந்த அவ்வாயுவை 1 பங்காகக் கட்டுப்படுத்தும் விதி அவ்வாண்டிலேயே வெளியிடப்பட்டது. எனினும் ஆபத்து ஆலைச்சுவருக்குள் அடங்கிவிடவில்லை: 2023 பெப்ரவரியில் ஒகாயோ மாநிலத்துக் கிழக்குப் பாலஸ்தீனம் என்னும் ஊரில் தடம்புரண்ட புகையிரதத்தின் ஐந்து தாங்கிகளிலிருந்த வினைல் குளோரைட்டு எரிக்கப்பட்டது, மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. வீசப்பட்ட கதவை எரிப்பினும் ஐதரசன் குளோரைட்டும் டயொக்சின்களும் தோன்றலாம்.

ஆகவே, ஒரு கதவைக் கழுவி வர்ணம் பூசுதல், இன்னொரு கதவுக்கான உற்பத்தியையும் ஒரு கதவின் கழிவையும் பிற்போடுகின்றது. புதிய பொருளின் விலைச்சீட்டில் தொழிலாளரின் உடல்நலம் குறிக்கப்படுவதில்லை என்பதை நாம் மறத்தலாகாது.