சூனியத்தின் எடை

தஞ்சைச் சீமையாருக்குத் தண்ணீரின் நியாயத்தைச் சொல்லித் தரவேண்டியதில்லை. அடுத்தடுத்த இரு வயல்களுக்கிடையே மடையைத் திறந்தால், மட்டம் உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு நீர் பாயும். மொத்த ஆழம் எவ்வளவு என்று மடை கேட்பதில்லை. வித்தியாசம் ஒன்றே அதற்குப் போதும். ஆற்றங்கரையோ அப்படியன்று. ஆழம் முழுவதின் அழுத்தத்தையும் அது தாங்கியாக வேண்டும். பௌதிக சாஸ்திரிகளைத் திகைக்கவைத்திருக்கும் பெரும் புதிரொன்று, மடைக்கும் கரைக்கும் உள்ள இந்த வேற்றுமை போன்றதுதான்.

வெற்றிடம் உண்மையில் வெறுமையன்று. அணுவும் ஒளியும் நீங்கிய பின்னும் ஓயாத ஒரு சலனமும் அதற்குரிய சக்தியும் அங்கே எஞ்சி நிற்கின்றன என்பது குவாண்டம் கொள்கை. மின்னேற்றமற்ற இரு உலோகத் தகடுகளை வெற்றிடத்தில் மிக நெருங்க வைத்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும் என்று 1948-ல் ஹாலந்து விஞ்ஞானி காசிமிர் கணித்தார். 1997-ல் அவ்விசை நுட்பமாக அளக்கப்பட்டது.

இந்தக் கணக்கின் மிக எளிய வடிவத்தில் 1, 2, 3 என்று எண்களை முடிவின்றிக் கூட்டவேண்டி வருகிறது. இங்கேதான் நம் கும்பகோணம் குறுக்கிடுகிறது. சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன், 1913-ல் சென்னைத் துறைமுகக் குமாஸ்தாவாக இருந்தபோது, தம் முறைப்படி அக்கூட்டலின் மதிப்பு −1/12 என்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதினார். தகடுகளின் கணக்கில் தோன்றுவதும் அதே எண்தான்.

இதற்காக நாம் பெருமைப்படலாம். ஆனால் பிரபஞ்சப் புதிரையும் அவரே தீர்த்துவிட்டார் என்று சொன்னால் அது தேசபக்தியன்று, பொய். தகடுகள் மடையைப் போல வித்தியாசத்தை மட்டுமே அறியும். ஆகர்ஷண சக்தியோ கரையைப் போன்றது; ஐன்ஸ்டைன் கொள்கைப்படி, சக்தி முழுவதையும் அது கணக்கில் கொள்ளும்.

ஐன்ஸ்டைன் 1917-ல் தம் சமன்பாட்டில் 'பிரபஞ்ச மாறிலி' என்ற ஓர் உறுப்பைச் சேர்த்தார். பிரபஞ்சம் விரிகிறது என்று தெரிந்தபின் 1931-ல் அதைக் கைவிட்டார். 1998-ல் இரண்டு வானியல் குழுக்கள் அந்த விரிவு வேகம் கூடிவருவதைக் காணவே, அம்மாறிலி மீண்டும் உயிர்பெற்றது. வெற்றிடத்தின் சக்தியும் இதே வேலையைச் செய்யக்கூடியது. ஆனால் கொள்கை தரும் சாதாரண மதிப்பீடு, வானம் காட்டும் அளவைவிட, 1-க்குப் பின் சுமார் 120 பூஜ்யங்கள் கொண்ட எண் மடங்கு பெரிது! காவிரி பாய்ந்து ஈராயிரம் ஆண்டுகளாக விளைந்த நெல்மணிகளையெல்லாம் எண்ணினாலும் இருபது இலக்கங்களுக்குள் அடங்கிவிடும்.

புனே நகரில் ஆராய்ச்சி புரிந்து 2021-ல் மறைந்த தாணு பத்மநாபன், 2003-ல் இப்புதிரைப் பற்றி எழுதிய விரிவான கட்டுரைக்கு 'வெற்றிடத்தின் எடை' என்றே பொருள்படத் தலைப்பிட்டார். ஆகர்ஷண சக்தியும் மடையைப் போல மொத்த ஆழத்தைப் பொருட்படுத்தாத வகையில் அதன் விதிகளை அமைக்கவேண்டும் என்பது அவர் கண்ட வழி. எல்லோரும் ஒப்பும் தீர்ப்பு இன்னும் பிறக்கவில்லை.

ஆகவே, வீட்டுப் பிள்ளை ஒருநாள், "ஒன்றுமில்லாததற்கு எடை உண்டா, அப்பா?" என்று கேட்டால் அசட்டுக் கேள்வி என்று அதட்டிவிடாதீர்கள். உலகத்துப் பெரிய சர்வகலாசாலைகளெல்லாம் அதே கேள்விக்குத்தான் விடை தேடிக்கொண்டிருக்கின்றன.