ஹெட்போன் பெட்டியில் இருக்கும் இரண்டு எண்கள்

மகளுக்கு நல்லதொரு ஹெட்போன் வாங்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழுந்தால் முதலில் பார்க்கப்படுவது விலை, அடுத்தது நிறம். கிராஅத் போட்டிக்குப் பயிற்சி எடுப்பவளுக்கும், ஆங்கிலச் செவிமடுத்தல் பயிற்சி செய்பவளுக்கும், உயர்தரத்தில் ஊடகக் கற்கை எடுத்து ஒலிப்பதிவைத் தொகுப்பவளுக்கும் அது இன்று படிப்புக்கான ஒரு கருவி. கடைக்குப் போனால், "இது திறந்த வகை, இதுக்கு வேற அம்ப்ளிஃபயர் ஒன்றும் வேணும்" என்கிறார்கள். ஹெட்போனின் விலைக்கு மேலே இன்னொரு விலை! அது உண்மையா என்பதைக் கடைக்காரரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யத் தேவையில்லை. பெட்டியின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன. சாதாரண தரத்து விஞ்ஞானப் பாடத்தில் படித்த ஓமின் விதி நினைவில் இருந்தால் அவற்றை வைத்துக் கணக்குப் பார்த்துவிடலாம்.

திறந்த வகை என்பது என்ன என்று முதலில் பார்ப்போம். ஹெட்போனின் கிண்ணத்துக்குள் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதில் ஒட்டிய கம்பிச் சுருள் ஒரு காந்தத்தின் அருகே அசைய, சவ்வும் அசைகிறது. அது முன்னே வரும்போது காதுப் பக்கத்துக் காற்றைத் தள்ளுகிறது. அதேவேளை பின்பக்கத்திலும் ஓர் அலை உண்டாகிறது. கிண்ணம் மூடியிருந்தால் அந்தப் பின்னலை சுவரில் பட்டுத் திரும்பி, சற்றுப் பிந்திக் காதுக்கு வந்து முதல் ஒலியோடு கலக்கிறது. திறந்த வகையில் கிண்ணத்தின் பின்புறம் வெறும் வலைத்தட்டு. பின்னலை வெளியே போய்விடுகிறது. ஓதுபவரின் குரல் தலைக்குள் அடைபட்டது போலன்றி, அதே அறையில் இருந்து ஓதுவது போல இருக்கும். ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968இல் வெளியிட்ட எச்டி 414 இவ்வகையில் முன்னோடி. மஞ்சள் நிறப் பஞ்சுக் காதணையோடு வந்த அதன் படத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள்.

வெளியே போகும் வழி உள்ளே வரும் வழியும்தான். பஸ்ஸில் இதனால் பயனில்லை. பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், பஸ்ஸின் இரைச்சலும் உள்ளே வரும். ஆனால் வீட்டில் உம்மா கூப்பிடுவதும் கேட்கும், பள்ளிவாசலின் அதானும் கேட்கும். இது குறையா நிறையா என்று தாய்மாரிடம் கேட்டால் பதில் ஒன்றாகத்தான் இருக்கும். கவனிக்க வேண்டியது மின்விசிறி. அதன் சத்தத்தை வெல்வதற்காக ஒலியைக் கூட்டும் பழக்கம் சத்தமில்லாமல் வந்து சேரும்.

இனி எண்கள். முதலாவது இம்பீடன்ஸ். ஓமில் எழுதப்பட்டிருக்கும். ஆடலோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் தடை அது. இரண்டாவது உணர்திறன். குறிப்பிட்ட அளவு மின் கொடுத்தால் எத்தனை டெசிபெல் ஒலி வரும் என்பதைச் சொல்கிறது. ஓம் கூடினால் அம்ப்ளிஃபயர் தேவை, ஓம் குறைந்தால் தேவையில்லை என்று கடையில் சொல்வதுதான் பாதிப் பிழைகளுக்குக் காரணம். ஓம் மட்டும் தனியே எதையும் சொல்வதில்லை.

உணர்திறனை எழுதுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. சில நிறுவனங்கள் 1 மில்லிவாற்று வலுவுக்கு எத்தனை டெசிபெல் என்று எழுதுகின்றன. வேறு சில 1 வோல்ற்றுக்கு எத்தனை என்று எழுதுகின்றன. சென்ஹைசர் எச்டி 650 திறந்த வகை, 300 ஓம், 1 வோல்ற்றுக்கு 103 டெசிபெல். பிலிப்ஸ் எஸ்எச்பி9500உம் திறந்த வகை, 32 ஓம், 1 மில்லிவாற்றுக்கு 101 டெசிபெல். 103 பெரிது, 101 சிறிது என்று பார்ப்பவர் முதலாவதுதான் உரக்கக் கேட்கும் என்று நினைப்பார். கணக்கு வேறு. வலு என்பது வோல்ற்றின் வர்க்கத்தைத் தடையால் வகுக்க வருவது. 32 ஓமுக்கு 1 வோல்ற்றுக் கொடுத்தால் வலு ஏறக்குறைய 31 மில்லிவாற்று. வலு பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும், இரட்டித்தால் 3 டெசிபெல் கூடும். 31 மடங்குக்கு ஏறத்தாழ 15 டெசிபெல். ஆகவே பிலிப்ஸ், 1 வோல்ற்றில் 116 டெசிபெல் தரும். சென்ஹைசரைவிட 13 டெசிபெல் அதிகம். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை விஞ்ஞான ஆசிரியைகள் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்!

அடுத்த கேள்வி, நமக்கு எத்தனை டெசிபெல் வேண்டும் என்பது. இங்கே பெற்றோர் சற்று நின்று வாசிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தரும் எல்லை, வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். பிள்ளைகளுக்கு 75 டெசிபெலில் 40 மணித்தியாலம். ஒலி 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 90 டெசிபெலில் வளர்ந்தவர்களுக்கே வாரத்துக்கு 4 மணித்தியாலம்தான். உட்செவியின் நத்தைச் சுருளில் உள்ள மயிர்க்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சலால் கேள்வி குறையும்போது பெரும்பாலும் முதலில் தேய்வது 4000 ஹேர்ட்ஸை அண்டிய உயர்ந்த ஒலிகள். குரல் கேட்கும், ஆனால் மெய்யெழுத்துகள் மங்கும். ஸீனையும் ஷீனையும் பிரித்தறியக் காது பழக வேண்டிய வயதில், அதே காதை அந்த இடத்தில் தேய்த்துவிடுவது எத்தனை பெரிய இழப்பு!

சராசரியாக 75 டெசிபெலில் கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஓதுபவரோ பேச்சாளரோ குரலை உயர்த்தும் கணங்கள் சராசரியைவிட 15, 20 டெசிபெல் மேலே போகலாம். அப்போது 95. இன்னும் கொஞ்சம் இடம் விட்டால் 100. அந்தக் கணங்களில் அம்ப்ளிஃபயர் திணறாமல் இருந்தால் போதும். எச்டி 650க்கு 1 வோல்ற்றில் 103 வந்துவிடுகிறது. 1 வோல்ற்றை 300 ஓமால் வகுத்தால் ஓட்டம் 3.3 மில்லியம்பியர். வலுவும் 3.3 மில்லிவாற்றுத்தான். இது ஒரு சிறிய டொங்கிள் தரக்கூடிய அளவு. கைத்தொலைபேசியின் துளையில் செருகும், விரல் நீளம்கூட இல்லாத அந்த மாற்றிக்குள்ளேயே இலக்கத்தை ஒலியாக்கும் சில்லும் சிறிய அம்ப்ளிஃபயரும் இருக்கின்றன. அப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் 9 டொலருக்கு விற்ற டொங்கிள் 1 வோல்ற்றுத் தருகிறது. ஐரோப்பியச் சந்தைக்கான அதே பொருள் அரை வோல்ற்றுத்தான் தரும். சில அன்ட்ரோயிட் போன்களில் அதன் ஒலி முழு அளவுக்கு ஏறுவதுமில்லை. இவற்றைக் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். பிலிப்ஸுக்கோ 100 டெசிபெல் எட்ட 0.16 வோல்ற்றுப் போதும். எந்தப் போனும் அதைத் தரும்.

அப்படியானால் பெரிய அம்ப்ளிஃபயர் யாருக்கு? ஹைஃபைமன் நிறுவனத்தின் எச்இ-6 என்ற திறந்த ஹெட்போனை எடுத்துக்கொள்ளுங்கள். சுருளுக்குப் பதிலாக, அதன் தட்டையான சவ்வு முழுவதும் மின்தடம் பதிக்கப்பட்டிருக்கும். 50 ஓம், 1 மில்லிவாற்றுக்கு 83.5 டெசிபெல். 103.5க்கு வர இன்னும் 20 டெசிபெல் வேண்டும். அதாவது நூறு மடங்கு, 100 மில்லிவாற்று. அதற்கு 2.2 வோல்ற்றும் 45 மில்லியம்பியரும் தேவை. 300 ஓம் சென்ஹைசர் 3.3 மில்லிவாற்றில் தரும் ஒலியை, 50 ஓம் எச்இ-6 தருவதற்கு முப்பது மடங்கு வலு கேட்கிறது. இதற்கு மேசையில் வைக்கும் அம்ப்ளிஃபயர் வேண்டும் என்றால் அது நியாயம். ஓம் குறைந்தால் தேவையில்லை என்ற பேச்சு இந்த இடத்தில் உடைந்து போகிறது.

250, 600 ஓம் ஹெட்போன்கள் செய்யப்பட்டதில் ஒலிபரப்பு நிலையங்களுக்கும் பதிவுக் கூடங்களுக்கும் பங்கு உண்டு. அங்கே ஓர் அம்ப்ளிஃபயரில் பல ஹெட்போன்களைச் சமாந்தரமாக இணைப்பார்கள். 32 ஓமில் நான்கு இணைத்தால் மொத்தத் தடை 8 ஓமுக்கு இறங்கி அம்ப்ளிஃபயர் திணறும். 600 ஓமில் நான்கு இணைத்தாலும் 150 ஓம் மிஞ்சும். அந்தக் கூடத்துத் தேவை, ஒரு பிள்ளை ஒரு போனில் கேட்கும் நம் வீட்டுக்கு இல்லை. பெரிய ஓம் என்றால் உயர்ந்த தரம் என்ற எண்ணத்தையும் அதோடு விட்டுவிடலாம்.

தேவையில்லாத அம்ப்ளிஃபயரை வாங்கினால் பணம் வீண், அவ்வளவுதானே என்று நினைக்க வேண்டாம். மேசை அம்ப்ளிஃபயர் ஒன்று 4 வோல்ற்றுத் தருவது சாதாரணம். 1 வோல்ற்றில் 116 தரும் ஹெட்போன் 4 வோல்ற்றில் 128 டெசிபெல் தரும். தங்கச்சி விளையாட்டாகக் குமிழைத் திருப்பினாலோ, முந்திய பதிவு மெலிதாக இருந்து அடுத்தது உரக்கத் தொடங்கினாலோ அத்தனையும் காதுக்குள். அம்ப்ளிஃபயரில் 'கெய்ன்' என்று ஓர் ஆளி இருந்தால் அதைக் குறைந்த நிலையில் வைத்து, குமிழைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஹெட்போனைச் செருக வேண்டும்.

அம்ப்ளிஃபயர் வாங்குவதாக முடிவானால் அதன் வாற்றைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது பயப்புத் தடை. அம்ப்ளிஃபயருக்கும் உள்ளே ஒரு தடை உண்டு. அது ஹெட்போனோடு தொடராக நின்று வோல்ற்றளவைப் பங்கு போடுகிறது. ஹெட்போனின் இம்பீடன்ஸ் எல்லா மீடிறன்களிலும் ஒன்றாக இருந்தால் ஒலி கொஞ்சம் குறையும், வேறொன்றும் நடக்காது. ஆனால் சுருள் வைத்த ஹெட்போன்களில் அது தாழ்ந்த ஒலியில் எகிறும். எச்டி 650, 100 ஹேர்ட்ஸை அண்டி ஏறக்குறைய 500 ஓம் வரை போகிறது. பயப்புத் தடை 100 ஓம் என்றால் அந்த இடத்தில் ஒலி 1 டெசிபெலுக்குச் சற்றுக் குறைவாகத் தூக்கும். பெரிய பாதிப்பில்லை, சிலருக்கு அந்தக் கனம் பிடிக்கவும் செய்யும். வெற்றிடக் குழாய் அம்ப்ளிஃபயர்களை 300 ஓம் ஹெட்போனோடு சிலர் விரும்பி இணைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 32 ஓம் ஹெட்போன் ஒன்று அதே இடத்தில் 60க்கு ஏறுவதாகவும், பயப்புத் தடை 30 ஓம் என்றும் வையுங்கள். தூக்கல் 2 டெசிபெலைத் தாண்டும். தாழ்ந்த ஒலி பொம்மிக் குரலின் தெளிவை மூடும். ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் பயப்புத் தடை இருக்கட்டும் என்பது வழக்கத்தில் உள்ள அளவு. 32 ஓமுக்கு 4 ஓம். நல்ல டொங்கிள்கள் 1, 2 ஓமில் நிற்கின்றன.

கடைசியில் ஒலி புறப்படும் இடம். இங்கே நான் சிக்கனக் கட்சி. 1982இல் வந்த குறுந்தட்டு, 16 பிட் அளவிலும் செக்கனுக்கு 44,100 மாதிரிகளிலும் ஒலியைப் பதிகிறது. மிக மெல்லியதற்கும் மிக உரத்ததற்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபெல் இடைவெளி. மனிதக் குரலுக்கு இது தாராளம். ஒழுங்கான சிறு டொங்கிளே அதற்கு ஈடு கொடுக்கிறது. மடிக்கணினியின் துளையில் செருகும்போது 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் வந்தால், அது பெரும்பாலும் உள்ளேயுள்ள மற்றச் சுற்றுகளின் வேலை. யூஎஸ்பியில் செருகும் டொங்கிளுக்கு மாறினால் போய்விடும்.

பதிவின் தரம்தான் பெரிய விஷயம். எகிப்தின் காரி மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரியின் முழுக் குர்ஆன் ஓதல் 1961இல் பதிவானது. தஜ்வீத் படிப்பவர்கள் இன்றும் அதை அளவுகோலாகக் கொள்கிறார்கள். திறந்த ஹெட்போனில் நல்ல பிரதியைக் கேட்டால் குன்னாவின் மூக்கொலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும், ஸாதில் குரல் தடிப்பதும் தனித்தனியே தெரியும். நாடாவின் மெல்லிய இரைச்சலும் கூடவே தெரியும். அது பதிவில் உள்ளது, அம்ப்ளிஃபயரில் குறை தேட வேண்டாம். அதே ஓதலை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக யாரோ பிடித்து அனுப்பியதைக் கேட்டால், கடுமையாகச் சுருக்கப்பட்டதில் எழுத்துகளின் ஓரங்கள் மழுங்கிப் போயிருக்கும். எத்தனை விலைக் கருவியும் போனதைத் திருப்பித் தராது. குரலுக்காக வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். பெயர்டைனமிக் டிடி 990 போன்ற ஹெட்போன்கள் 8000 ஹேர்ட்ஸை அண்டித் தூக்கலாக ஒலிக்கும். அரை மணித்தியாலம் ஓதல் கேட்டால் ஸகரங்கள் எல்லாம் குத்தும். அந்த இடத்தில் மென்மையான எச்டி 650 போன்றதே நெடுநேரக் கேள்விக்கு இதமானது என்பது என் அபிப்பிராயம்.

கடைக்குப் போகும்போது மகளையும், அவளது சொந்தப் போனையும், அவள் நன்கறிந்த ஒரு பதிவையும் கூட்டிச் செல்லுங்கள். இரண்டு ஹெட்போன்களைக் குமிழை அசைக்காமல் மாற்றிக் காட்டினால் உரக்க ஒலிப்பதே நல்லதாகத் தோன்றும். அது உணர்திறன் செய்யும் வேலை. மாற்றும் ஒவ்வொரு தடவையும் அவளே ஒலியைக் குறைத்துக் கூட்டி, இரண்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்து, ஆளுக்கு ஐந்து நிமிடமாவது கேட்கட்டும். பெட்டியைத் திருப்பி அந்த இரண்டு எண்களையும் அதற்குள் நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.