'சோறு போடலை' என்று புலம்பும் மாமியார்... திட்டாதீங்க, அது வியாதி!

சேலம்:

"இப்பதானே சாப்பிட்டீங்க அத்தை?"

"யாரு போட்டா? காலையில இருந்து பட்டினி கிடக்கிறேன்!"

இப்படிச் சொல்லிவிட்டு மாமியார் தெருவில் போய் உட்கார்ந்தால், அக்கம்பக்கத்தார் மருமகளைத்தான் ஏசுவார்கள். சேலம், நாமக்கல் பக்கம் தறி ஓடும் வீடுகளிலும், கோழிப்பண்ணை வேலைக்குப் போகிறவர்கள் வீடுகளிலும் இந்தச் சண்டை புதுசு இல்லை. ஆனால், இது பல நேரம் நடிப்பும் இல்லை, பிடிவாதமும் இல்லை. 'டிமென்சியா' எனும் மறதி நோய்.

மூளை செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் புதிய விஷயம் மனதில் பதியாது. 50 வருஷத்துக்கு முந்தைய கல்யாணம் ஞாபகம் இருக்கும். அரை மணி நேரத்துக்கு முன் சாப்பிட்ட சோறு ஞாபகம் இருக்காது. 2023-ல் வெளியான ஆய்வுப்படி, இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. அதாவது 100-க்கு 7 பேர்.

என்ன செய்யணும்?

வாதம் பண்ணாதீங்க. "சரிங்க அத்தை, இதோ தர்றேன்" என்று ஒரு வாழைப்பழம் கொடுத்தால் போதும். திட்டியது மறந்து போனாலும், அந்த வருத்தம் மனசில் நிற்கும். பூ கட்டுவது, கீரை ஆய்வது என்று பழகிய வேலையைக் கையில் கொடுங்க. வெளியே போய் வழி தெரியாமல் நிற்பவர்கள் உண்டு. சட்டைப்பையிலோ, சுருக்குப்பையிலோ போன் நம்பர் எழுதி வையுங்க.

'வயசானா அப்படித்தான்' என்று விட்டுடாதீங்க. தைராய்டு குறை, பி-12 சத்துக் குறையாலும் மறதி வரும். அதற்கு மருந்து உண்டு. திடீரெனக் குழப்பம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

பார்த்துக்கிறவங்க பாடு?

ராத்திரி தூக்கம் இல்லை, பகலில் வேலை. கோபம் வரத்தான் செய்யும், அழுகையும் வரும். அதற்காக 'நான் பாவி' என்று நினைக்க வேண்டாம். மற்ற பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாளாவது முறை வைத்துப் பார்த்துக்கணும். அக்கம்பக்கத்தார் குறை பேசாமல், ஒரு மணி நேரம் துணைக்கு உட்கார்ந்தால் அதுவே பெரிய உதவி.

எங்கே போகலாம்?

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநல டாக்டரைப் பார்க்கலாம். மனசு பாரமாக இருந்தால் 14416-க்கு 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். முதியோர் உதவிக்கு 14567.

மறப்பது அவங்க குற்றம் இல்லை. களைத்துப் போவது மருமகள் குற்றமும் இல்லை!