இயங்கும் யந்திரத்தை இடைமறித்தல்

திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் நிலையம் 'வேகா' என்னும் நுண்செயலி வரிசையை வடிவமைத்துள்ளது. இவ்வரிசையைச் சார்ந்த 'தேஜஸ்32' என்னும் சில்லு, விநாடிக்குப் பத்துக் கோடித் துடிப்பு வீதம் இயங்க வல்லது. இவ்வாறு தன் பணியில் ஆழ்ந்துள்ள யந்திரத்தை இடையே நிறுத்த விரும்பும் ஒருவரின் கட்டளை அதனிடம் எங்ஙனம் சென்று சேருகிறது?

இதற்கு இரு வழிகள் உள. கட்டுப்பாட்டு விசையையும் 'சி' விசையையும் சேர்த்து அழுத்தினால், கம்பி வழியே 3 என்னும் எண் செல்லும். இது ஏனைய எழுத்துக்களைப் போன்றதே. தொடக்கக் குறி ஒன்று, எட்டு பிட்டுகள், முடிவுக் குறி ஒன்று ஆகியவை கொண்டது. இரண்டாவது, 'பிரேக்' சைகையாகும். ஓர் எழுத்துக்குரிய முழு நேரத்திற்கும் மேலாகக் கம்பியைப் பூஜ்ய நிலையிலேயே வைத்திருப்பதே இச்சைகை. முடிவுக் குறி வாராமையால், இதனை 256 எழுத்துக்களுள் எதனோடும் குழப்பிக்கொள்ள இயலாது. அனுப்புவோரை நிறுத்தும்பொருட்டு மின்சுற்றைத் துண்டித்த தந்தியாளரின் வழக்கமே இதற்கு மூலம்.

விநாடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் ஓர் எழுத்து வந்து சேர ஏறத்தாழ 87 மைக்ரோவிநாடி ஆகும். அதற்குள் சில்லில் சுமார் 8,700 துடிப்புகள் நிகழ்ந்துவிடும். அத்தனையையும் காத்திருப்பதில் கழிப்பது வீண். எனவே, எழுத்து வந்ததும் தொடர்புச் சாதனமே 'குறுக்கீடு' எழுப்புகிறது. வேகா பின்பற்றும் 'ரிஸ்க்-வி' முறைப்படி, செயலி தான் திரும்ப வேண்டிய முகவரியையும் குறுக்கீட்டின் காரணத்தையும் குறித்துக்கொண்டு, அதற்குரிய நிரற்பகுதிக்குத் தாவுகிறது. ஆயின், கணக்கிடு பதிவகங்களில் உள்ளவற்றைக் காத்து மீட்பது நிரல் எழுதுவோரின் பொறுப்பாகும். அதில் தவறினால், இடைநின்ற கணக்கு பிழைபட்டுவிடும்.

அந்நிரற்பகுதி யந்திரத்தை அங்கேயே நிறுத்திவிடலாகாது. நினைவகத்தில் பாதி எழுதிய செய்தி சிதையலாம். சுழலும் மோட்டார் மின்னிணைப்புடனேயே விடப்படலாம். 'நிறுத்தக் கோரப்பட்டது' என ஓர் அடையாளம் இட்டுத் திரும்புவதே முறை. முதன்மை நிரல், பாதுகாப்பான கட்டங்களில் அவ்வடையாளத்தைக் கண்டு, மோட்டாரை அணைத்து, எழுதுவதை முடித்தபின் நிற்கும். அனுப்பும் சாதனத்தின் மின்சாரம் தடைப்பட்டுக் கம்பி பூஜ்ய நிலைக்கு வீழ்ந்தாலும், அது பிரேக் சைகையாகவே தோன்றுமாதலின், இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாக அவசியம்.

முதன்மை நிரலே முடிவிலாச் சுழலில் சிக்கினால், அடையாளத்தைக் காண்பார் இல்லை. அந்நிலையில், குறித்த காலத்திற்குள் பதில் வாராதாயின் செயலியை மீளத் தொடங்கச் செய்யும் காவற்கடிகாரமே துணையாகும்.