தொற்றைக் கணக்கிட ஆட்களை எண்ணினால் போதாது

மார்சிலிங்கில் வீவக வீட்டிலிருந்து ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வரும் ஒருவருக்கு வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இயந்திரத்தின் பக்கத்திலேயே கழிந்துவிடுகிறது. போக்குவரத்து நேரம் தனி. வயிற்றுவழி டயாலிசிஸ் இந்த அலைச்சலைத் தவிர்க்கிறது. வயிற்றுக்குள் பொருத்திய மென்குழாய் வழியாக ஒரு திரவத்தை உள்ளே விட்டால், ரத்தத்திலுள்ள கழிவும் மிகுதி நீரும் வயிற்றின் உட்சவ்வைக் கடந்து அதில் சேரும். சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட வேண்டும். கையால் செய்தால் பொதுவாக நாளுக்கு நான்கு முறை. கருவி இருந்தால் இரவு உறக்கத்திலேயே முடிந்துவிடும். அப்படியிருந்தும் சிங்கப்பூரில் பெரும்பாலோர் நிலையத்துக்குப் போய்த்தான் சுத்திகரித்துக்கொள்கிறார்கள். தயக்கத்துக்கு ஒரு முக்கியக் காரணம் தொற்று பற்றிய அச்சம். குழாயை ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் கிருமி நுழைய வழி உண்டு. அதனால் வரும் வயிற்று உட்சவ்வு அழற்சி கடுமையானால் சவ்வு கெட்டு, இந்தச் சிகிச்சையையே கைவிட நேரிடலாம், உயிரும் போகலாம். ஆகவே அச்சம் நியாயமானது. அதன் அளவு என்ன என்பதற்குத்தான் நாணயமான ஓர் எண் தேவை.

அந்த எண்ணை எளிதில் தவறாகச் சொல்லிவிட முடியும். ஒரு நிலையத்தில் 100 நோயாளிகள் ஆண்டு முழுவதும் சிகிச்சையில் இருந்து, 40 தொற்றுகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றிலும் 100 பேர். ஆனால் ஆண்டின் நடுவில் சேர்ந்தவர்களும் விலகியவர்களும் இருப்பதால் சராசரியாக ஆளுக்கு ஆறு மாதமே சிகிச்சை, தொற்று 20. ஆட்களை வைத்துப் பார்த்தால் இரண்டாவது நிலையம் இருமடங்கு பாதுகாப்பானது. உண்மையில் அங்கே நோயாளிகள் ஆபத்துக்கு உள்ளான மொத்தக் காலமே 50 ஆண்டுகள்தான். முதல் நிலையத்தில் 100. இரண்டிலும் விகிதம் ஒன்றே: ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 0.40. அனைத்துலக வயிற்றுவழி டயாலிசிஸ் சங்கம் 2022-ல் வகுத்த உச்சவரம்பும் இதுதான். சராசரியாக முப்பது மாதத்துக்கு ஒரு தொற்று என்று பொருள். 2010-ல் அதே சங்கம் பதினெட்டு மாதத்துக்கு ஒன்று வரை ஏற்றுக்கொண்டது. 2016-ல் ஆண்டுக்கு 0.5 என்றது. வரம்பு இறுகிக்கொண்டே வருகிறது.

எதைத் தொற்று என்று எண்ணுவது என்பதிலும் கண்டிப்பு வேண்டும். வயிற்றுவலி அல்லது கலங்கிய வடிநீர். வடிநீரில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு 100-க்கு மேல் வெள்ளணுக்கள், அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில். ஆய்வகத்தில் கிருமி வளர்தல். இம்மூன்றில் இரண்டு இருந்தால் தொற்று. தொற்றுக்கான சிகிச்சை முடிந்து நான்கு வாரத்துக்குள் அதே கிருமி தலைதூக்கினால் அது பழையதன் தொடர்ச்சி, புதிய கணக்கில் சேராது. வேறு கிருமி என்றால் சேரும். கிருமி வளராத தொற்றுகளும் எண்ணப்பட வேண்டும். ஆனால் அவை மொத்தத்தில் 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு. அதற்கு மேல் போனால் மாதிரி எடுப்பதிலோ ஆய்வகத்திலோ கோளாறு என்று சந்தேகிக்க வேண்டும். கிருமியைக் கண்டறிவது நோயாளியின் கையிலும் இருக்கிறது. வடிநீர் கலங்கியதும் அக்கம்பக்கத்து மருந்தகத்தில் ஆண்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து வந்தால் கிருமி அகப்படாமல் போகலாம். கலங்கிய பையைக் கொட்டாமல் அப்படியே எடுத்துவரும்படி தாதியர் சொல்வது இதற்காகத்தான். கடற்பாலத்துக்கு இப்பக்கம் வாழ்ந்தாலும் உறவினர் வீடு ஜோகூரில் இருப்பவர் அங்கேயே தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பினால், அதைக் கேட்டுப் பதிவுசெய்யாத நிலையத்தின் விகிதம் இல்லாத சிறப்பைக் காட்டும்.

எண்ணிப் பதிவதால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா நல்ல சான்று. அங்கே ஒரு காலத்தில் ஆண்டுக்கு 0.6 அளவில் தொற்று இருந்தது. நிலையத்துக்கு நிலையம் பல மடங்கு வேறுபாடும் இருந்தது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பதிவகம் நிலையவாரியாக அதை வெளிக்கொணர்ந்தது. மருத்துவர்களும் தாதியரும் பயிற்சி முறைகளைச் சீராக்க முனைந்தார்கள். 2020-ல் வெளியான ஏழு நாட்டு ஆய்வில் அவ்விரு நாடுகளின் விகிதம் 0.35, அமெரிக்காவில் 0.26, தாய்லாந்தில் 0.40. குறைந்ததற்கு எண்ணியது மட்டுமே காரணம் என்று வாதிட மாட்டேன். ஆனால் எந்த நிலையம் பின்தங்கியிருக்கிறது என்று தெரியாமல் யாருக்குப் பயிற்சி கொடுப்பது?

நிலையவாரியாக வெளியிட்டால், கண்பார்வை மங்கிய, தனியே வாழும், நீரிழிவால் சிறுநீரகம் இழந்த முதியவர்களைச் சேர்க்க நிலையங்கள் தயங்கும் என்பது வலுவான மறுப்பு. நீரிழிவால் சிறுநீரகம் செயலிழக்கும் விகிதம் உலகிலேயே மிக அதிகமுள்ள நாடுகளில் ஒன்றான சிங்கப்பூர் இதை ஒதுக்கிவிட முடியாது. அதற்காக எண்ணை மூடிவைப்பது சரியான பதில் ஆகாது. நோயாளிகளின் வயது, நீரிழிவு, வீட்டில் துணை உண்டா என்பதையும் சேர்த்து வெளியிடலாம், ஒவ்வொரு நிலையத்தையும் அதன் சென்ற ஆண்டுகளோடு ஒப்பிடலாம். சிறிய நிலையங்களை எண் ஏமாற்றும் என்ற மறுப்பு இன்னும் நுட்பமானது. 20 நோயாளி ஆண்டுகள் கொண்ட நிலையத்தில் 0.40 விகிதப்படி எட்டுத் தொற்றுகள் வர வேண்டும். தற்செயலால் மட்டுமே அது மூன்றாகவோ பதினான்காகவோ அமையலாம். ஓராண்டு எண்ணை வைத்து யாரையும் பாராட்டவோ கண்டிக்கவோ கூடாது என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். மூன்றாண்டுத் தொகுப்பு இந்த ஆட்டத்தைப் பெரிதும் தணிக்கும்.

சராசரி மறைக்கும் இன்னொன்றும் உண்டு. ஆண்டு முழுவதும் தொற்றே காணாதவர்கள் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் மற்றோர் இலக்கு. 0.40 என்ற விகிதம் எல்லாரிடமும் தற்செயலாகப் பரவியிருந்தால் தொற்றில்லாதவர் 67 விழுக்காடுதான் தேறுவர். இரண்டும் ஒருங்கே நிறைவேறும் நிலையத்தில், தொற்றுகள் பெரும்பாலும் ஒரு சிலரையே திரும்பத் திரும்பத் தாக்கியிருக்கும். கைகழுவும் முறையையும் குழாய் வெளிவரும் இடத்தின் பராமரிப்பையும் மறுபடி கற்றுத்தர, தாதி முதலில் போக வேண்டியது அவர்கள் வீட்டுக்கு. நிலையங்கள் இவ்விரு எண்களையும் அருகருகே வெளியிட்டால், மார்சிலிங்கில் எந்தச் சிகிச்சை என்று முடிவெடுக்கக் காத்திருக்கும் குடும்பம் தன் மருத்துவரிடம் அவற்றைக் காட்டி விளக்கம் கேட்க முடியும்.