வெளிநாட்டவருக்கு வாடகை வீடு: மாமல்லபுரம் பக்கம் ஒரு குறிப்பு

மாமல்லபுரத்தில் வெளிநாட்டவருக்கு ரூம் கிடைப்பது சுலபம், வீடு கிடைப்பதுதான் கஷ்டம். ஒத்தவாடை தெருவில் நாள் வாடகைக்கு எத்தனையோ இடம் உண்டு. ஆனால் சிற்பம் கற்றுக்கொள்ளவோ, பரனூர் மகிந்திரா சிட்டியில் வேலை பார்க்கவோ வந்து, ஒரு வருஷம் தங்க மாத வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். "ஃபாரினருங்களா? போலீஸ், ஸ்டேஷன்னு அலையணும், வேணாங்க" என்பார்கள்.

இந்தத் தயக்கத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு படிவம். எல்லோரும் 'சி ஃபார்ம்' என்பார்கள். காசு வாங்கிக்கொண்டு வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர், அவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு விவரம் தர வேண்டும். 1946-ஆம் வருஷத்துச் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் இந்தக் கடமை அப்படியே இருக்கிறது. லாட்ஜ் என்றால் ரிசப்ஷனிலேயே முடித்துவிடுவார்கள். தனி வீட்டுக்காரர் ஆன்லைனில் பதிவு செய்துகொண்டு, தானே அனுப்ப வேண்டும். ஸ்டேஷனுக்கு அலையும் வேலை இல்லை.

வீட்டுக்காரர் இதைச் செய்யாமல் விட்டால், கடமை தவறியவர் அவர்தான். ஆனால் குடியிருப்பவருக்கும் சிக்கல் வரும். 180 நாளுக்கு மேற்பட்ட வேலை விசா, படிப்பு விசாவில் வருகிறவர் பொதுவாக 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். அங்கே முகவரிக்கு ஆதாரமாகக் கேட்பது சி ஃபார்ம் அல்லது வாடகை ஒப்பந்தம். "பேப்பர் எதுவும் வேணாம், வாடகையை கேஷா குடுத்துடுங்க" என்று கிடைக்கும் மலிவு வீட்டில் இரண்டுமே இருக்காது. விசா நீட்டிப்புக்குப் போகும்போதுதான் அதன் உண்மையான விலை தெரியும்.

அடுத்து அட்வான்ஸ். சென்னைப் பழக்கப்படி 10 மாதம் கேட்பார்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017-இல் இயற்றியது) 3 மாத வாடகைதான் உச்சவரம்பு என்கிறது. ஆனால் 'வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர' என்ற விலக்கும் அதிலேயே உண்டு. 10 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டால், நீங்களே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அதனால் பேரம் எல்லாம் கையெழுத்துக்கு முன்னாடிதான்.

'11 மாசம்தானே, ரிஜிஸ்டர் பண்ண வேணாம்' என்பதும் பழைய கணக்கு. சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகாமல் இருக்க அது உதவலாம். ஆனால் இந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். 11 மாத ஒப்பந்தத்துக்கும் இதே விதிதான்.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போது முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பது அல்ல: "சி ஃபார்ம் போட்டுத் தருவீங்களா?" தயங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்ப உதவி செய்யுங்கள். வீட்டுக்காரருக்கும் அது நல்லதுதான். நாளைக்கு யாராவது வந்து கேட்டால், 'முறைப்படி தெரிவிச்சாச்சு' என்று காட்ட அவர் கையில் அந்த ஒரு தாள் இருக்கும்.